மஞ்சள் படாத மண்

நகக்கண்ணில் மஞ்சள் இருக்கிறது. வலக்கைச் சுட்டுவிரலில், நகமும் சதையும் கூடுகிற இடத்தில், பிறையின் விளிம்பைப் போல ஒரு மெல்லிய கீற்று. பேருந்து பனவடலிசத்திரத்தில் நின்று கிளம்பியபோது மடிமீதிருந்த பெட்டி சரியாதிருக்க இரு கைகளாலும் மூடியை அழுத்தினேன், அழுத்திய விரல்களைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பாராதிருந்தால் இந்நேரம் சன்னலோரக் காற்றில் கண்ணயர்ந்திருப்பேன். காலையில் உண்ட எலுமிச்சம்பழச் சோற்றின் மஞ்சளாக இருக்கலாமே என்று மனம் உடனே ஒரு வழி சொல்லிற்று. ஆனால் காலையில் உண்டது பழையசோறும் உள்ளி வெங்காயமும். என் மனைவி செல்லக்கனி என்மீது கோபமாக இருந்தாள், எலுமிச்சம்பழச் சோறு கிளறித் தரும் மனநிலையில் அவள் இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்று குடையை மட்டும் என் கக்கத்தில் திணித்தாள், வெயில் கொளுத்துகிற சித்திரையில் குடை எதற்கு என்று நானும் சினந்தேன். ஆகவே அது சோற்று மஞ்சள் அன்று. பக்கத்து இருக்கையில் வாழைக்காய்ப் பையோடு அமர்ந்திருக்கும் அம்மாள் நான் ஏறியதிலிருந்தே முந்தானையை மூக்கருகே வைத்திருந்தாள். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, மூடியைச் சுற்றி ஒட்டிய நாடா, அடியில் கசியும் குளிர்நீர். இந்தத் தடத்தில் அது மீனைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? நடத்துநரும் அவ்வாறே எண்ணினார். "அண்ணாச்சி, மீன்பெட்டியக் கொண்டுபோய்ப் பின்னால வையும். என்னது, சாளையா அயிலையா?" என்றார். "மீன் இல்ல தம்பி. மண்ணு" என்றேன். "மண்ணா? மண்ண ஐஸ்ல வச்சு மடியில தூக்கிட்டுப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று அவர் உரக்கச் சொல்ல, அந்த அம்மாள் முந்தானையை விலக்கிவிட்டு, "ஏன்யா, மண்ணு கெட்டாப் போயிரும்?" என்று கேட்டாள். முன்னிருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது நான் நகக்கண்ணைப் பார்த்திருக்கவில்லை.

மண் கெடும். இதைத்தான் வடிவு எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். சண்முகவடிவு என் ஒரே மகள். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளை ஆராய்கிறாள். தோட்டத்து மண்ணிலோ வயல் மண்ணிலோ அன்று. வெள்ளாடுகூட நின்று மேய விரும்பாத எங்கள் ஊர்ப் பொத்தையில். பொத்தை என்று நாங்கள் சொல்வது மொட்டைப் பாறைக்குன்றை. மரம் இராது. பாறை வெடிப்புகளில் காற்று கொண்டுவந்து சேர்த்த ஒரு பிடி மண், இரண்டு பிடி மண், அவ்வளவே. அந்த ஒரு பிடிக்குள் எத்தனை வகை உயிர் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அடிவாரத்து மண்ணை அவளே எடுத்துவிட்டாள், சரிவின் மண்ணையும் எடுத்துவிட்டாள். உச்சியில் பொத்தைமாடன் கோயில் இருக்கிறது. எல்லைக்கல்லுக்கு மேலே பெண்கள் ஏறுவதில்லை என்பது வழக்கம். செல்லக்கனி ஏறியதில்லை, என் தாயார் ஏறியதில்லை, ஏன் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வடிவு கேட்டாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். "சரி விடுங்க. நான் ஏறுனா அம்மா அழுவா. நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. ஆனா நான் சொல்லுத மாதிரியே செய்யணும்" என்றாள். செய்தேன். செய்யவில்லையா? பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கரண்டியைத் துடைக்க வேண்டும், தீயில் காட்ட வேண்டும், ஆறவிட வேண்டும், மேற்புழுதியை விலக்க வேண்டும், மூச்சு மண்ணில் படாமல் அள்ள வேண்டும், மண்ணை அள்ளிப் போடும் உறையின் வாயை விரல் தீண்டக் கூடாது. அடுக்களையில் உப்புச் சாடியை வைத்து ஒத்திகை பார்த்தேன். செல்லக்கனி நிலைப்படியில் சாய்ந்து நின்று, "கல்யாணமான நாள்லருந்து ஒரு தம்ளரக் கழுவிக் கவுத்துனது கிடையாது, இப்ப பாரு, கரண்டிக்கு ஆரத்தி எடுக்காரு" என்றாள். எடுத்தேன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நூலகத்து நூல்களைக் கொண்டே என்னை நான் செதுக்கிக்கொண்டவன். என் மகளின் ஆய்வேட்டில் நன்றி கூறும் பக்கத்தில் என் பெயர் அச்சேறப் போகிறது, உச்சியின் மண்ணைத் தந்துதவியவர் அ. பால்வண்ணம் என்று, அதற்காக ஒரு கரண்டிக்கு ஆரத்தி எடுத்தால் என்ன குறைந்துவிடும்? மேற்கே, சன்னலுக்கு அப்பால், காற்றாலைகளின் பின்னே மேகம் திரண்டிருக்கிறது. காலையில் இது இல்லை. மழைக்கு முந்தைய மண்தான் அவளுக்கு வேண்டும். "ஒரு மழ விழுந்தாப் போதும்ப்பா, உள்ள தூங்குததெல்லாம் முழிச்சிக்கிடும். அப்பறம் அது வேற மண்ணு" என்றாள். அடுத்த கோடை வரை அவளால் காத்திருக்க முடியாது; அவளுடைய ஆய்வுக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. உச்சியில்லாத குன்றை ஏட்டில் எழுதிக் கொடுக்க முடியாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஆகவே என் மடியில் இருப்பது மண் அன்று. அவளுடைய ஐந்தாண்டு உழைப்பின் தலைப்பகுதி. அதன்மேல் என் கை. கையில் மஞ்சள்.

இது மிகைப்பட்ட அச்சம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் எத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறேன், எத்தனை ஊர்ப் பாறைகளின் வயிற்றில் இரும்பை இறக்கியிருக்கிறேன். முதலில் செம்மண் தூள் வரும், பின்பு சுக்கான்கல், பின்பு கருங்கல்லின் சாம்பல் நிறத் தூள், வேட்டியிலும் புருவத்திலும் நுரையீரலிலும் படிகிற தூள். அதில் ஒரு புழு வந்து நான் கண்டதில்லை. கல்லுக்குள் தேரைக்கும் கடவுள் உணவளிக்கிறான் என்பார்கள். நானும் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தூள்குவியலையும் காலால் கிளறிப் பார்த்தேன், ஒரு தேரையாவது, தேரையின் ஒரு காலாவது வந்திருக்கிறதா என்று. உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். குழந்தையாக இருந்தபோது வடிவு கேட்பாள், கல்லுக்குள்ள என்னப்பா இருக்கும்? கல்லுக்குள்ள கல்லுதான் இருக்கும் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த உறுதியைக் கேட்டு வளர்ந்தவள்தான் சென்ற பொங்கலுக்கு வந்தபோது அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கல்பாசித் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இது என்னன்னு நெனச்சிய? கறிக்கொழம்புல போட்டுத் திங்கோம்லா, இதுல பாதி பூஞ்சைதான். பாறையில ஒட்டிக்கிட்டு, வெயில் அடிச்சா சுருண்டு, பனி பட்டா விரிஞ்சு, நூறு வருசம்கூடக் கெடக்கும். தேரையத் தேடுனியள்லா, இதுதான்ப்பா உங்க தேரை." நான் அந்தச் சாம்பல் நிறச் சருகை முகர்ந்து பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் சாப்பாட்டில் ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்த பொருள். மண்ணில் இருப்பவை இன்னும் நுண்ணியவையாம். கண்ணுக்குத் தெரியாத இழைகளாம். மணலை மணலோடு தைத்து, வேரை வேரோடு இணைத்து, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தின்று வாழ்பவையாம். மண்ணை நீரில் கரைத்துக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் விட்டு வைத்தால் சில நாட்களில் கறுப்பாக, பச்சையாக, பஞ்சுபோல வெள்ளையாக ஒவ்வொன்றும் தன் வட்டத்தை வரைந்துகொண்டு எழுமாம். சரிவின் மண்ணில் எழுந்த தட்டை அவள் கைப்பேசியில் காட்டினாள். கோலப்பொடிக் கடையைப் பார்த்தது போலிருந்தது. உச்சியின் தட்டில் என்ன எழும்? மஞ்சள் பட்ட மண்ணில் என்ன எழும்? எதுவும் எழாது. எனக்கே தெரியும். செல்லக்கனி ஊறுகாய்ச் சாடியின் வாய்க்கட்டும் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்துத்தான் கட்டுவாள். மஞ்சள் பட்ட இடத்தில் பூசணம் பிடிக்காது என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு ஏன் தெரியாமற் போயிற்று? காலையை மறுபடியும் முதலிலிருந்து எடுக்கிறேன். எல்லைக்கல்லில் செருப்பைக் கழற்றினோம். நானும் மச்சான் கொம்பையாவும். அவர் செல்லக்கனியின் அண்ணன், பொத்தைமாடனுக்குச் சாமியாடுபவர், அவர் உத்தரவின்றி உச்சியில் ஒரு கல்லைக்கூடப் புரட்ட முடியாது. மண் வேண்டும் என்று நான் முதலில் கேட்டபோது அவர் கண் அகன்றது. மாடனின் மண்ணை எடுப்பதென்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான் உண்டு, பிடிமண். ஊரைவிட்டுப் போனவர்கள் போன இடத்தில் கோயில் எழுப்ப இங்கிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள்; மண்ணோடு மாடனும் போவார். மும்பையில் தாராவிச் சந்து ஒன்றில் இருக்கிற மாடன் அப்படி ரயிலேறிப் போனவர். "என்னவே இது, ஒம்ம மக காலேசுல மாடனுக்குக் கோயில் கெட்டப் போறாளா?" என்று கேட்டார் மச்சான். "கோயில் இல்ல மச்சான், சோதன பண்ணுததுக்கு." "மாடனயா சோதிக்கப் போறா?" "மண்ண." "மண்ணு வேற மாடன் வேறயாவே?"  அவர் மேலும் சற்று முறைத்துவிட்டு, "எடுத்துக்கிடும். பெத்த புள்ள கேக்கா. ஆனா மொறைப்படிதான் எடுக்கணும். உத்தரவு கேக்காம அள்ளுனா மண்ணுதான் போவும், மாடன் கூட வரமாட்டான், பெறவு என்னையச் சொல்லப்படாது" என்றார். மாடன் வராவிட்டால் வடிவுக்கு நட்டமில்லை என்று மனத்துக்குள் நான் நகைத்தேன். மேலே போனதும் அவர் கற்பூரத்தை எடுத்தார். நான் பதறி, "மச்சான், பொகை மண்ணுல படப்படாது, தள்ளி நின்னு ஏத்தும்" என்றேன். தள்ளி நின்று ஏற்றினார். திருநீற்றுப் பையை எடுத்தார். "அது மண்ணுல விழுந்திரப்படாது" என்றேன். முணுமுணுத்தபடி மடியில் முடிந்துகொண்டார். எவ்வளவு விழிப்பு! புகையைத் தடுத்தேன், சாம்பலைத் தடுத்தேன், என் மூச்சையே தடுத்தேன். பின்பு அவர் செம்பை எடுத்தார். செம்பில் மஞ்சள்நீர். பீடத்தின் பின்னுள்ள வெடிப்பை நோக்கி, "அப்பா, ஒம்ம மண்ணக் கேக்காங்க, குடுத்தனுப்பும்" என்று சொல்லிக்கொண்டே அந்தச் செம்பைச் சாய்த்தார். நான் அருகிலேயே நின்றேன். கைகூட நீட்டினேன், கை நனைந்தது, நனைந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்பு அந்த வெடிப்பில்தான் குனிந்தேன், ஸ்பிரிட்டில் கரண்டியைத் துடைத்தேன், தீயில் காட்டினேன், ஆறவிட்டேன், மேல்மண்ணை விலக்கினேன், மூச்சடக்கி அள்ளினேன்.

ஒரு பொருளை நான் பொருளாகவே காணவில்லை. கற்பூரம் கண்ணில் பட்டது, திருநீறு பட்டது, மஞ்சள்நீர் படவில்லை. காரணத்தை இப்போது தேடுகிறேன், இந்தப் பேருந்தில், முன்னிருக்கையின் கிழிந்த உறையைப் பார்த்துக்கொண்டு. மஞ்சள்நீர் என்பது ஊற்றுவது அன்று, சுத்தம் செய்வது. அழுக்கு ஏதாவது பட்டுவிடப் போகிறதோ என்றுதான் நான் காவலிருந்தேன். சுத்தம் வந்து படுகையில் காவற்காரன் வழிவிட்டான். இதில் எவர் குற்றம்? ஆனால் மேல்மண்ணை விலக்கினேனே. நீர் மேலோடு நின்றிருக்கலாமே? இராது. காய்ந்த மண், ஒரு செம்பு நீரை உறிஞ்சிவிட்டு இன்னும் கேட்கிற மண். ஓசைகூட நினைவிலிருக்கிறது, சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல ஒரு சிறு சுர்ரென்ற ஓசை. அப்படியானால் உள்ளே இறங்கிற்று. ஒருவேளை வெடிப்பின் இடப்பக்கம் அவர் ஊற்றி வலப்பக்கம் நான் அள்ளியிருந்தால்? அவர் எந்தக் கையில் செம்பைப் பிடித்திருந்தார்? வலக்கையில். அவர் எனக்கு எதிரே நின்றாரா, பக்கத்தில் நின்றாரா? எத்தனை முறை கூட்டினாலும் கூட்டல் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது, செக்கு மாடு சுற்றிவந்து தன் சாணத்தையே மிதிப்பது போல. பேசாமலிருந்தால் என்ன? பெட்டியைக் கொடுப்பேன். அவள் மகிழ்வாள். கரைப்பாள், தட்டில் விடுவாள், காத்திருப்பாள். தட்டு வெறுமையாக இருக்கும். அவள் என்ன நினைப்பாள்? உச்சியில் வெயில் கடுமை, மண் குறைவு, ஆகவே உயிர் இல்லை என்று நினைப்பாள். இல்லை என்று எழுதுவாள். எவருக்கும் ஐயம் வராது. அது நம்பத் தகுந்த பொய். கல்லுக்குள் கல்தான் இருக்கும் என்று நான் அன்று சொன்னதை என் மகளே அச்சில் ஏற்றுவாள், கீழே என் பெயரோடு. எத்தனை கோடி இழைகள் அங்கே மழைக்காக ஒடுங்கிக் காத்திருக்கின்றனவோ, அவை எல்லாம் இல்லாதவை ஆகிவிடும், ஒரு செம்பு நீரால், ஒரு கிழவனின் மௌனத்தால். இருக்கட்டுமே என்றும் தோன்றுகிறது. பூசணம்தானே? ஊறுகாயில் பிடித்தால் எடுத்து எறிகிறோம். அதற்காக அவளுடைய முகம் வாடுவதை நான் பார்க்க வேண்டுமா? "நீங்க ஒழுங்காச் செய்வியளாப்பா?" என்று முதல் நாள் கேட்டாளே, அந்தக் குரலில் இருந்த ஐயத்தை ஒரு வாரமாக ஒவ்வொரு ஒத்திகையிலும் கழுவிக்கொண்டிருந்தேனே, அது மறுபடியும் அந்தக் குரலில் ஏறுவதைக் கேட்க வேண்டுமா? இடி. தொலைவில், மலைப் பக்கம். பக்கத்து அம்மாள், "இன்னைக்கு ஊத்தாம போவாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. வடிவுதான். "எங்க வந்திருக்கிய?" "தேவர்குளம் தாண்டியாச்சும்மா." "ஐஸ் உருகிருச்சா?" "இல்ல, கெட்டியா இருக்கு." "சூப்பர்ப்பா. நான் தட்டெல்லாம் ஊத்தி ரெடியா வச்சிருக்கேன். சாரும் வந்து பாக்கேன்னிருக்காங்க. நீங்க கரெக்டாத்தான் எடுத்திருப்பிய, எனக்குத் தெரியும்." வைத்துவிட்டாள். கெட்டியாக இருக்கிறது என்றேன். அது மட்டும் உண்மை. எனக்குத் தெரியும் என்றாளே, அந்தச் சொல் என் மடியில் ஐஸை விடக் குளிர்ச்சியாக வந்து அமர்ந்தது. முன்பு நான் ஏங்கிய சொல்தான் அது. ஏங்கிய சொல் கையில் வந்தபின் அதை வைத்துக்கொள்ளும் இடம் எனக்குள் இல்லை. மேகம் காற்றாலைகளின் தலைக்கு மேல் வந்துவிட்டது. றெக்கைகள் வேகமாகச் சுழல்கின்றன. இங்கிருந்து திரும்பினால் மழைக்கு முன் பொத்தையில் ஏற முடியுமா? முடியலாம். முடியாமலும் போகலாம். சொல்லாமல் இன்னும் ஓர் ஊர் போனால் கண்டிப்பாக முடியாது; அப்போது சொன்னாலும் பயனில்லை; பயனில்லாதபோது சொல்லாமலிருப்பது எளிது. ஓ, அதற்காகத்தான் நான் காத்திருக்கிறேனா? மழை வந்து என் வாயை அடைக்கட்டும் என்றா? இதை நினைத்தவுடன் என் கட்டைவிரல் கைப்பேசியில் அவள் பெயரை அழுத்திவிட்டது. நான் அழுத்தினேன் என்று சொல்ல முடியாது.

"என்னப்பா?" என்றாள். "வடிவு, மண்ணுல மஞ்சத்தண்ணி பட்டிருக்கும்மா." "என்னது?" "மாமா உத்தரவு கேட்டாருல்லா. செம்போட ஊத்திட்டாரு. அதுலதான் நான் அள்ளுனேன்."  மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை. "நீங்க பக்கத்துல நின்னிய." "நின்னேன்." "பாத்துக்கிட்டா நின்னிய?" "பாத்துக்கிட்டுத்தான் நின்னேன் தாயி. எனக்கு அது ஒண்ணாவே தெரியல." "எத்தன தடவ சொன்னேன். எதுவும் படப்படாது, எதுவும்னா எதுவும்." அவள் குரல் உடைந்தது, அழுகிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று பேருந்தின் இரைச்சலில் புலப்படவில்லை. வாழைக்காய்ப் பை அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். திட்டட்டும், திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. வேறு குரலில் கேட்டாள்: "அந்த வெடிப்புல எப்பவும் ஊத்துவாங்களா? இல்ல இன்னைக்கு மட்டுமா?" "எப்பவும்தான். செவ்வா, வெள்ளி, கோயில் கொடை, எல்லாத்துக்கும் அங்கதான் ஊத்துவாங்க. பீடத்துத் தண்ணி போறதே அந்த வழியாத்தான்." "எவ்வளவு நாளா?" "எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்து. யாரு கண்டா."   குழந்தைப் பருவத்தில் பாறை இடுக்கில் எதையேனும் கண்டுவிட்டு மூச்சுவிடாமல் குந்தியிருப்பாளே, அந்த வடிவு பேசினாள். "அப்பா, அப்ப அங்க எதாவது உசுரோட இருந்தா, அது அம்புட்டு மஞ்சளையும் குடிச்சிட்டுப் பொழச்சதா இருக்கும். இருக்கோ இல்லியோ, தெரியாது. அந்த உறைய எறிஞ்சிராதிய. அது வேற கேள்வி." "அப்ப கெட்டுப்போவலயா?" என்று நான் அவசரமாகக் கேட்டேன், அந்த அவசரத்திற்காக இப்போதும் நாணுகிறேன். "கெட்டுத்தான் போச்சு. எனக்கு வேண்டிய மண்ணு அது இல்ல. மஞ்ச படாத மண்ணு வேணும், உச்சியிலயே, மழைக்கு முன்னால. அப்படி எடம் இருக்கா?" இருக்கிறது. கிழக்கு முனையில், கழுகு எச்சம் காய்ந்து கிடக்கும் மூக்குப் பாறையில். மாடனுக்கே முதுகு காட்டி நிற்கிற இடம், எந்தச் செம்பும் அங்கே போனதில்லை. சொன்னேன். "நான் திரும்பிப் போய் எடுத்தாறேன். பஸ்ஸ நிறுத்தச் சொல்லுதேன்" என்றேன். "வேண்டாம்." "இந்தவாட்டி மாமாவக் கூப்பிட மாட்டேன்." "நீங்க போனாலும் தெளிப்பிய." "சத்தியமா மாட்டேன்." "தெரியாமத் தெளிப்பியப்பா. ஒங்களுக்கே தெரியாது." நகக்கண்ணின் மஞ்சளைப் பார்த்தேன்.  "வண்டிய எடுத்துட்டு நானே வாரேன். வழியில நில்லுங்க, ஏத்திக்கிடுதேன்" என்றாள். எல்லைக்கல் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை நான், வராதே என்றும் சொல்லவில்லை. "ஹெல்மெட்ட மாட்டிக்கோ" என்றேன்.

"தம்பி, எறக்கி விடும்" என்றேன் நடத்துநரிடம். "திருநவேலிக்குல்லா டிக்கெட் எடுத்தீரு? என்ன அண்ணாச்சி, மண்ணு கெட்டுப் போச்சாக்கும்?" என்று சிரித்தார். "பாதி கெட்டுப் போச்சு" என்றேன். மானூருக்கு முந்தைய ஒரு வேப்பமர நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் படிக்கட்டு வரை வந்து பெட்டியை என் கையில் தந்தாள், மூக்கைப் பொத்தாமல். பேருந்து போன பின்பு புழுதி அடங்குகிறது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மேற்கே வானம் கறுத்திருக்கிறது. அதற்குக் கீழே எங்கோ பொத்தை. அங்கே இன்னும் வெயில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காற்றில் ஈரமண் வாசனை. எந்த ஊர் மண்ணோ முந்திக்கொண்டது. எங்களுடையதாக இருக்கக் கூடாது. மச்சான் கொம்பையா இந்நேரம் அடிவாரத்து டீக்கடையில் இருப்பார்; வடிவு எல்லைக்கல்லைத் தாண்டுவதைப் பார்ப்பார்; அவருக்கு அங்கேயே சாமி வந்துவிடும். வரட்டும். வந்தால் கேட்பேன், மாடா, உமக்குப் பின்னால் உமக்கே தெரியாமல் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பெண் எண்ணிப் பார்க்க வருகிறாள், உமக்கு அதில் என்ன குறை என்று. கேட்பேனா? வீட்டில் செல்லக்கனி அழுவாள். அவளிடம் இதைச் சொல்லும் வாய் வேறு, அது இன்னும் முளைக்கவில்லை. பெட்டியோடு கட்டியிருந்த பையில் ஸ்பிரிட் குப்பி மிச்சம் இருந்தது. பஞ்சில் நனைத்து நகக்கண்ணைத் தேய்த்தேன். மீண்டும் தேய்த்தேன். தோல் எரிகிறது, மஞ்சள் போகவில்லை. சற்று மங்கி இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டாற்போலிருக்கிறது. கிழக்கிலிருந்து ஒரு ஸ்கூட்டரின் ஒலி நெருங்கி வருகிறது, வேறு யாரோ கடந்து போகிறார்கள். முதல் துளி என் புறங்கையில் விழுந்தது, பெரிய துளி, ஒன்றுதான். இரண்டாவது விழுமுன் அவள் வந்துவிட வேண்டும். உச்சியில் அவள் குனிந்து அள்ளட்டும். இந்தக் கை எதையும் தொடப்போவதில்லை. காலையில் செல்லக்கனி கக்கத்தில் திணித்த குடை இருக்கிறது. அந்த ஒரு பிடி மண்ணுக்கு மேலே, மாடனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையை மட்டும் பிடித்து நிற்பேன்.